இரண்டு மணிக்கு எழுந்து போனவன்

கேள்வி இதுதான்: "ஆரணி பக்கம் சின்ன ஊர். தெருக்கூத்து, கோயில் கச்சேரி, பழைய படம் மூன்றையும் விடாமல் பார்ப்பேன். பார்த்ததைப் பற்றி எழுத ஆசை. ஆனால் சங்கீதம் கற்றதில்லை, நாடகம் படித்ததில்லை. உட்கார்ந்தால் 'அருமையாக இருந்தது' என்பதைத் தாண்டி ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. வெறும் ரசிகன் விமர்சனம் எழுதலாமா? எழுதினால் எப்படி?"

எழுதலாம். நானும் இதையெல்லாம் படித்தவன் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன், பிழைப்புக்கு வேறு வேலை, ராத்திரியில் இந்தப் பைத்தியம். ஆனால் எப்படி என்று சொல்வதற்கு முன் நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பாதி பதில் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், அதாவது மகாபாரதக் கதையை நாள்கணக்கில் கூத்தாக ஆடும் திருவிழாவில், கூத்துப் பார்க்கப் போனேன். பத்து மணிக்கு மேல்தான் களரி கட்டி ஆட்டத்தைத் தொடங்கினார்கள். எனக்கு மறுநாள் வேலை, இரண்டு மணி வாக்கில் கண் சொக்கியது, எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதினேன். அதில் பெரிய மனுஷத்தனமாக ஒரு வரி: 'பின்பாதி சற்றே தொய்வு.' அதற்குச் சில மாதம் கழித்து இன்னொரு ஊரில் அதே ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியாரைப் பார்த்தேன். கோபமே இல்லாமல், அரிதாரம் பூசிக்கொண்டே சொன்னார்: "நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க சார். நீங்க எழுந்து போனதை நான் பெஞ்சுலருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்." அவ்வளவுதான். பிறகு எனக்கு ஒரு பீடாவும் கொடுத்தார். அந்தப் பீடா தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு சட்டம். நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், எப்போது வந்தேன், எப்போது போனேன், என்ன பார்த்தேன், என்ன கேட்டேன், அதற்குள் நின்று எழுதுவது. இரண்டு மணிக்குப் போனால் 'இரண்டு மணி வரை பார்த்தேன்' என்று எழுதிவிடுவது. இது நேர்மைக்காக மட்டும் சொல்வதில்லை. அப்படி எழுதும்போதுதான் எழுத்தே வருகிறது. 'அருமை' என்ற சொல் ஏன் வந்து மறிக்கிறது தெரியுமா? அது கல்யாண வீட்டு வாசல் பேனர் மாதிரி, பெயரை மட்டும் மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். போன வாரக் கூத்துக்கும் இந்த வாரக் கச்சேரிக்கும் பொருந்துகிற வரி எதுவும் அந்த ராத்திரியைப் பற்றிய வரி இல்லை.

கூத்தில் இதைப் பழகுவது சுலபம், ஏனென்றால் கதை எல்லோருக்கும் தெரியும். திரௌபதிக்கு என்ன ஆகும், அபிமன்யு திரும்பி வருவானா என்று யாரும் அங்கே வந்து உட்காருவதில்லை. ஆகவே கதைச் சுருக்கம் எழுதும் வேலையே உங்களுக்கு இல்லை. தெரிந்த கதையை இன்றைக்கு எப்படிச் செய்தார்கள் என்பது ஒன்றுதான் மிச்சம். நீங்கள் ஆரணிக்காரர், அதாவது இதன் தாய்மண்ணிலேயே இருக்கிறீர்கள். ஆரணி, செய்யாறு, வந்தவாசி எல்லாம் 1989-இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை எங்களோடு ஒரே வட ஆற்காடுதான். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்துப் பரம்பரை அந்தப் பக்கத்து மண். நா. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த உந்துதலும் இந்தக் கூத்துதான். பட்டணத்து நவீன நாடகம் நம்மிடம் வந்து பாடம் கேட்டுக்கொண்டு போயிருக்கிறது, நாம் என்னடாவென்றால் 'நான் நாடகம் படித்ததில்லை' என்று கூச்சப்படுகிறோம்.

என்ன பார்ப்பது? திரைப் பிரவேசத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்கிறார்கள், வேஷக்காரர் அதற்குப் பின்னால். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால், நடுவில் குரல். அந்த நேரம் எவ்வளவு நீள்கிறது, திரை விலகுமுன் எத்தனை முறை முகத்தைக் காட்டி மறைக்கிறார், பின்பாட்டுக்காரர் எந்த இடத்தில் வாங்கிக்கொள்கிறார், குழந்தைகள் எப்போது தூக்கம் கலைந்து எழுந்து உட்காருகின்றன, இதையெல்லாம் குறித்தாலே ஒரு பக்கம் வந்துவிடும். நல்ல துரியோதனன் திரைக்குப் பின்னால் இருக்கும்போதே பயமுறுத்திவிடுவான். சிலர் திரை விலகியதும் சின்னதாகிவிடுவார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் கட்டியக்காரன். பலர் அவனைக் 'கோமாளி' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ராத்திரியின் அசல் விமர்சகன் அவன்தான். ராஜாவிடம் பேசிக்கொண்டே அந்த ஊர்ப் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வான், ரேஷன் அரிசியைச் சொல்வான், முன்வரிசையில் போதையில் ஆடுகிறவரை அஸ்தினாபுரத்துக் காவலாளி ஆக்கிவிடுவான். இந்த நக்கல் ஊருக்கு ஊர் மாறும், எந்த ஏட்டிலும் இருக்காது. நீங்கள் எழுதாவிட்டால் விடிந்ததும் அது போயே போய்விடும். இரண்டை மட்டுமாவது அப்படியே, அவன் பேச்சிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். சில ஊர்களில் அவன் நக்கல் பெண் வேஷம் கட்டினவரைக் கேவலப்படுத்துவதிலேயே ஓடும், ஜனமும் சிரிக்கும். எனக்கு அது பிடிக்காது, பிடிக்கவில்லை என்றே எழுதுவேன்.

இன்னொன்று, கூத்தைக் 'கலை நிகழ்ச்சி'யாக மட்டும் பார்த்தால் பாதியைத் தவறவிடுவீர்கள். துகிலுரிதல் அன்று பல ஊர்களில் அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றுகிறார்கள், பெண் வேஷம் கட்டினவருக்கு அருள் வந்துவிடுவதும் உண்டு. அர்ஜுனன் தபசில் மரத்தின் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். அங்கே நின்றுகொண்டு 'நடிப்பு இயல்பாக இல்லை' என்று எழுதினால் அது விமர்சனம் இல்லை, இடம் தெரியாமல் பேசுவது. ஆனால் 'பக்தி' என்று சொல்லி அதன் கைவேலையைப் பார்க்காமல் விடுவதும் தப்பு. தபசு மரத்தில் ஏறிக்கொண்டே மூச்சு வாங்காமல் பாடுகிறார் ஒரு மனுஷர், ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு, கீழே மிருதங்கம் அவர் கால் வைக்கும் வரைக்கும் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் எழுதுங்கள்.

கர்ணனின் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இந்த வருஷம் பாருங்கள், பார்த்துவிட்டு 1964-இல் வந்த பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' படத்தையும் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் எனக்கு எழுதவே கற்றுக்கொடுத்தது. கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி. அவன் பிறப்பு தெரியாதவன், தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று அவனைத் தாழ்வாக நினைக்கிறவள். போருக்குப் போகுமுன் அவளிடம் விடைபெற வருகிறான், அங்கேதான் அந்தக் கூத்தின் உயிரே இருக்கிறது. படத்தில் தேவிகா செய்த சுபாங்கி, புருஷன் மேல் உருகுகிறவள். அதே கர்ணன்தான், ஆனால் கூத்தில் அவன் சபையில் பட்ட அவமானம் வீட்டுக்குள்ளும் காத்திருக்கிறது, படத்தில் வீடு அவனுக்கு ஆறுதல். எது உசத்தி என்பது என் கேள்வி இல்லை. பொன்னுருவியாக வேஷம் கட்டினவர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், எந்த அடியில் இளகினார் என்று பார்க்க எனக்குப் படம் உதவியது. சிவாஜி தேவிகாவிடம் பேசும்போது எவ்வளவு தளர்ந்து, பாரம் இறக்கி நிற்கிறார் என்று கவனிக்கக் கூத்து உதவியது. ஒப்பிட்டால் இப்படிக் கண் திறக்க வேண்டும், மார்க் போடுவதற்காக ஒப்பிடக் கூடாது.

சரி, மைக். இதைச் சொல்லாமல் நம் பக்கத்துக் கலை விமர்சனம் எதுவும் முழுமை இல்லை. கூத்தில் ஊதும் ஒரு நல்ல முகவீணையை மூன்று ஸ்பீக்கர் சேர்ந்து கொன்றதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன், ஜெனரேட்டரைச் சுவாமிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி நாகஸ்வரத்தோடு போட்டி போட விட்டதையும் கேட்டிருக்கிறேன். நடுவில் அன்பளிப்பு அறிவிப்பு வேறு. அபிமன்யு சாகக் கிடப்பான், "நமது ஊர்ப் பெரியவர் அவர்கள் ஐந்நூறு ரூபாய்" என்று மைக்கில் வரும், செத்துக்கொண்டிருப்பவன் எழுந்து நன்றிப் பாட்டுப் பாடிவிட்டு மறுபடி படுப்பான். ஆரம்பத்தில் இதற்காக எரிச்சல்பட்டு எழுதினேன். இப்போது படுவதில்லை, அந்த ஐந்நூறு அவர்கள் கூலியில் சேரும் காசு. ஆனால் சாகும் கட்டத்திலிருந்து எழுந்து நன்றி சொல்லிவிட்டு, திரும்பிப் படுத்ததும் மறுபடி நம்மை அழவைக்க முடிகிறதா என்று கவனிக்கிறேன். முடிகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரைப் பற்றி ஒரு பத்தி எழுதுவது என் கடமை என்றே நினைக்கிறேன். அதே மாதிரி மைக் செட்டின் குற்றத்தைப் பாடகர் தலையில் கட்டாதீர்கள். குரல் கேட்கவில்லை என்றால் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய் ஐந்து நிமிஷம் நின்று கேளுங்கள், அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சங்கீதத்துக்கு வருவோம், உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ராகம் தெரியாமல் கச்சேரி விமர்சனம் எழுதலாமா? எழுதலாம், ராகத்தின் பெயரைப் போடாமல். நான் ஒருமுறை அரைகுறை ஞானத்தில் தர்பார் ராகத்தை நாயகி என்று எழுதிவிட்டு, ஒரு ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னது நியாயம்: தெரியாவிட்டால் பாட்டின் முதல் வரியைப் போடு, படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இன்று வரை அப்படித்தான் செய்கிறேன். ராகத்தின் பெயரை விட, ஒரு ஆலாபனையில் எந்த இடத்தில் பாடகர் தயங்கினார், வயலின் அதை எப்படி ஏந்திக்கொண்டது, நிரவலில் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வரும்போது அந்த வரியின் அர்த்தம் கூடியதா, வெறும் வார்த்தையாகச் சிதறியதா, இதெல்லாம் உங்கள் காதுக்கே தெரியும். ஸ்ருதி விலகினால் பெயர் தெரியாவிட்டாலும் உடம்பு நெளியும். அந்த நெளிவை நம்புங்கள்.

கச்சேரி எப்படி நடக்கும் என்ற அமைப்பு மட்டும் தெரிந்திருந்தால் போதும். வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கிருதிகள், நடுவில் விரிவான ஒன்று, அதற்குத் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது), பிறகு துக்கடாக்கள் (சின்னப் பாட்டுகள்), மங்களம். இன்று நாம் கேட்கும் இந்த அமைப்பை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். இது தெரிந்தால், ஒருவர் பெரிய உருப்படியை ஏன் சுருக்கினார், துக்கடாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் கொடுத்தார் என்று கேட்க முடியும். தனி ஆவர்த்தனத்தில் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகும், நீங்கள் போகாதீர்கள். மிருதங்கக்காரர் காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்து வாசிப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நீங்கள் எழுதினால் அதைப் படிக்க ஆள் உண்டு, குறைந்தது அந்த மிருதங்கக்காரர்.

'நமக்கும் இந்தச் சங்கீதத்துக்கும் என்ன, அது தஞ்சாவூர் சமாச்சாரம்' என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வாலாஜாபேட்டையை மறந்துவிட்டுப் பேசுகிற பேச்சு அது. தியாகராஜரின் நேர்ச் சீடர் வெங்கடரமண பாகவதர் அங்கே வந்து தங்கி, குருவின் கிருதிகளை எழுதிப் பாதுகாத்தவர். அவர் வழிச் சுவடிகள் இல்லாவிட்டால் தியாகராஜர் கிருதிகள் இத்தனை நம் கைக்கு வந்திருக்காது. காட்பாடிக்கு அந்தப் பக்கம் வள்ளிமலை, அங்கே இருந்த சுவாமிகள் திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார். காங்கேயநல்லூர் வாரியார் சுவாமிகள் சொற்பொழிவுக்கு நடுவே திருப்புகழ் பாடினால் சந்தம் எப்படிப் புரளும் என்று கேட்டு வளர்ந்த பெரியவர்கள் வேலூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தாளம் போடும் அவர் கையைப் பார்த்தே பாதி கச்சேரியைப் புரிந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன், ஃபீஸ் இல்லாமல்.

நாகஸ்வரத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். அதைச் சபா நாற்காலியில் கேட்டு எழுதாதீர்கள், சுவாமி புறப்பாட்டோடு நடந்து கேளுங்கள். மல்லாரி என்ற புறப்பாட்டு இசையில் சுவாமி கிளம்பி, தெரு முனையில் நிற்கும்போது வாத்தியக்காரர் ஒரு ராகத்தை எடுத்து விரிப்பார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், அவர் அதற்கு மசியமாட்டார். வாசிக்கிறவருக்கு நேர் எதிரே நின்றால் ஒரு சத்தம், பத்தடி தள்ளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் வேறு சத்தம். இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு எழுதினால் உங்கள் எழுத்தில் தெருவே வந்துவிடும்.

சென்னையிலிருந்து வரும் சபா நாடகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வசனத்துக்குக் கைதட்டல் எங்கே வரும் என்று நடிகருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நாடகம் அங்கேயே படுத்துவிட்டது என்பது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள்.

பழைய படத்துக்கு வேறு கண் வேண்டும். கூத்தும் கச்சேரியும் ராத்திரிக்கு ராத்திரி மாறும், படம் மாறாது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் சிவாஜி எங்கே நின்றாரோ அங்கேயேதான் இன்றும் நிற்கிறார். மாறுவது நாம். அதனால் இங்கே 'இன்றைக்கு எப்படி இருந்தது' என்பதை விட 'இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது' என்ற கேள்விதான் உதவும். நீதிமன்ற வசனத்தைப் புகழ்ந்து எழுபது வருஷமாக எழுதியாகிவிட்டது, நீங்களும் அதையே எழுதாதீர்கள். அந்தப் படம் முதலில் பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகம். கலைஞரின் வசனத்தைத் தாங்குவதற்காக அந்தக் காட்சியில் ஆட்கள் எப்படி நிறுத்தப்பட்டிருக்கிறார்கள், முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, பேசாதவர்கள் அந்நேரம் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மேடை எங்கே முடிந்து சினிமா எங்கே தொடங்குகிறது என்று தெரியும். சில இடத்தில் தொடங்கவே இல்லை என்றும் தெரியும். அதை எழுதினால் சிவாஜி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், நானும் சிவாஜி ரசிகன்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தில் சொந்த பாத்தியதையும் உண்டு. ஏவிஎம்மோடு சேர்ந்து அதை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். மேடையில் நூர்ஜஹானாகப் பெண் வேஷம் கட்டி நடித்த கணேசனைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன்தான் கதாநாயகன் என்று பிடித்தவர். பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு வந்தபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. சிவாஜி பெரிய ஆள் ஆனபிறகும் பொங்கலுக்குப் பொங்கல் வேலூர் வந்து அவரைப் பார்த்து மரியாதை செய்துவிட்டுப் போவார். விமர்சனத்தில் இப்படிப்பட்ட சேதியை எப்போது சேர்ப்பது? படத்தில் எதையாவது பார்க்க உதவினால் மட்டும். எனக்கு உதவியது: பெண் வேஷம் கட்டிப் பழகின உடம்பு அது என்று தெரிந்த பிறகுதான், அந்தப் படத்தில் அவர் கைகளும் கழுத்தும் ஏன் அப்படி வளைகின்றன என்று கவனித்தேன். நம் கூத்துக்காரர்கள் வளைப்பது மாதிரியேதான். வெறும் ஊர்ப் பெருமைக்காக என்றால் அந்தச் சேதியைக் கத்தரித்துவிடுங்கள்.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954. பாட்டே கிடையாது. பாட்டில்லாத இடத்தில் அந்தக் காலத்து இயக்குநர் எதை வைத்து நம்மை உட்கார வைத்தார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், அது நல்ல பயிற்சி. அதற்கு நேர் எதிராக 'தில்லானா மோகனாம்பாள்', 1968. திரையில் வாசிப்பது சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும், காதில் விழுவது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். உதடும் விரலும் கன்னமும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே ஒட்டவில்லை என்று பார்ப்பதற்கு, நான் சொன்ன மாதிரி நாலு புறப்பாடு நடந்திருந்தால் உங்களுக்குக் கண் வந்திருக்கும்.

குறை சொல்வதா வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். சொல்லவேண்டும். ஆனால் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்துக் கிலோ வேஷத்தைச் சுமந்து விடியும் வரை ஆடுகிறவரையும், பேர் பெற்ற வித்வானையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன். வித்வான் அசிரத்தையாகப் பாடினால் அவர் பெயரைப் போட்டே எழுதுவேன். கூத்தில் ஒரு இளம் பையன் அடி தவறினால் 'ஒரு இடத்தில் அடி தவறியது' என்பதோடு சரி. இரண்டிலும் பொய் இல்லை. கூத்தைப் பற்றி எழுதினதை முடிந்தால் அவர்கள் காதுக்குப் போகும்படி செய்யுங்கள், யாராவது படித்துக் காட்டுவார்கள். நம் வரிகள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் வாசிக்கப்படும் என்று நினைத்து எழுதினாலே அலங்காரமெல்லாம் தானாகக் கழன்றுவிடும்.

குறிப்பெடுப்பது: செல்போன் வேண்டாம், வெளிச்சம் பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும். பஸ் டிக்கெட் அளவுக் காகிதமும் பென்சிலும் போதும். முழு வாக்கியம் எழுதாதீர்கள், நாலு சொல். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்ததும் எழுதிவிடவேண்டும், நாளைக்கு என்றால் ஞாபகம் தானாகவே 'அருமை' என்று சுருங்கிவிடும்.

பாரத நோட்டீஸ் உங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்தால் கர்ண மோட்சம் எந்த ராத்திரி என்று முதலில் பாருங்கள். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் ஒரு தூக்கம் போட்டு, துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போய் ஆர்மோனியப் பெட்டிக்கு இடதுபக்கம் உட்காருங்கள், ஸ்பீக்கர் அங்கே நேராகப் படாது. இரண்டு மணிக்குத் தூக்கம் வந்தால் டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பொன்னுருவி வருவதற்கு எப்படியும் அதற்கு மேல் ஆகும்.